சவக்காரம் போட்ட தவளை

காலைப் பெரட்டுக் களத்தில், வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அன்றைய வேலைக்கு இன்னும் பேர் கூப்பிட்டு முடிக்கவில்லை. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பித்தளைக் குடம் மட்டும் தனியாக வந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதைத் தூக்கிப் பிடித்திருந்த கை தெரிந்தது. அதற்கும் பிறகுதான் வெள்ளையம்மா அத்தையின் முகம் தெரிந்தது.

முகமா அது! மிளகாய் வறுத்த சட்டி மாதிரி இருந்தது.

"எவடி அவ? ஊத்துல சவக்காரம் போட்டவ எவ? மானம் உள்ளவளா இருந்தா முன்னால வாடி!"

குடத்தைச் சாய்த்துக் காட்டினார். தண்ணீருக்கு மேலே சோப்புக் கரைத்த மாதிரி வெள்ளை வெளேரென்று நுரை, ஒரு கைப்பிடி இருக்கும்.

பேர் கூப்பிடுவது நின்றுபோனது. கூடையோடு நின்றிருந்த நாங்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். "அய்யய்யோ, யாரு இந்த வேலையச் செஞ்சது?" என்று எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டவள் நான்தான். என் வாய் அப்படி.

அத்தை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே என் கல்யாணம் நின்றுபோனது.

தட்டில் வந்த வாசனை

போன வாரம் எனக்குப் பரிசம் போட்ட கதையை எழுதினேன். அன்றிலிருந்து பக்கத்து வீட்டுக்காரி முதல் பஸ் கண்டக்டர் வரை, "அப்புறம் கல்யாணம் நடந்துச்சா இல்லியா?" என்று ஒரே நச்சரிப்பு. அவசரப்பட்டால் எப்படி? நடுவில் ஒரு தவளை இருக்கிறது. அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கம் அது. பட்டிப்பொல பக்கம், காட்டை ஒட்டிய தேயிலைத் தோட்டம். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் நாங்கள் கணக்கு என்போம். மலை உச்சியில் எங்கள் மேக்கணக்கு, பள்ளத்தில் கீக்கணக்கு. நான் மேக்கணக்கில் கொழுந்து எடுக்கிறவள், பேர் காமாட்சி. கீக்கணக்கில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வீரையாவுக்குத்தான் என்னைப் பேசியிருந்தார்கள். அவருடைய அம்மாதான் குடத்தோடு வந்த வெள்ளையம்மா அத்தை. என் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா முறை.

வீரையா பேச மாட்டார். சிரித்தால்கூடச் சத்தம் வராது. பரிசத்தன்று கூட்டத்துக்கு நடுவே என் பக்கம் லேசாகக் குனிந்து, "குளிருதா?" என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டார். "இல்லீங்க" என்றேன். பல்லெல்லாம் கிட்டிப்போகிற குளிர்! ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கே நான் கவிழ்ந்துவிட்டேன். அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. இதை எழுத எனக்கென்ன வெட்கம்?

பரிசத் தட்டில் சேலை, வளையல், சின்னக் கண்ணாடி, கூடவே ஒரு ரோஸ் கலர் வாசனைச் சவக்காரமும் வந்தது. டவுனில் கடை வைத்திருந்த முஸ்லிம் நானாவிடம் வாங்கியது. பிரிக்கவே மனசு வரவில்லை. சேலை மடிப்புக்குள் வைத்து, பெட்டியைத் திறந்து திறந்து மோந்து பார்ப்பேன். இது வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். வினை அங்கேதான் வந்தது.

ஊத்துக்கு ஒரு சட்டம்

தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை இடுக்கு. அதிலிருந்து தண்ணீர் கசிந்து சின்னக் குட்டைபோலத் தேங்கி நிற்கும். அதுதான் மேல் ஊத்து. அங்கிருந்து வாய்க்காலாக இறங்கி எங்கள் லயத்துப் பீலிக் குழாயில் கொட்டும். குளிப்பது, துவைப்பதெல்லாம் பீலியில்தான். வாய்க்காலின் இன்னொரு கிளை அப்படியே கீக்கணக்குக்குப் போகும். இரண்டு கணக்குக்கும் குடிக்கிற தண்ணீர் அந்த ஒரு ஊத்துதான்.

அதனால் ஊத்துக்கு ஒரு சட்டம். குடம் முக்கலாம், கால் வைக்கக் கூடாது. எச்சில் துப்பக் கூடாது. சவக்காரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிப்பதும், அதாவது செம்பில் தண்ணீர் முக்கி ஜோடிப்பதும், அந்த ஊத்தில்தான். முதல்நாள்தான் கோயிலில் காப்புக் கட்டியிருந்தார்கள். காப்புக் கட்டிவிட்டால் கரகம் இறங்கும் வரைக்கும் சுத்தபத்தமாக இருக்க வேண்டும். யாரும் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூட மாட்டார்கள். காப்புக்கு நேராக ஊத்திலேயே தண்ணீர் முக்கத்தான் அன்று அத்தை கீக்கணக்கிலிருந்து ஏறி வந்திருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் அம்மன் தண்ணீரில் சவக்கார நுரை! சும்மா விடுவார்களா?

எல்லாரும் ஊத்துக்கு ஓடினோம். அங்கே பார்த்தால், தண்ணீருக்கு மேலே சாய்ந்திருந்த ஒரு செடியின் இலையில் இன்னும் கொஞ்சம் நுரை அப்பிக்கொண்டிருந்தது. யாரோ துணியைத் துவைத்து உதறியபோது தெறித்து ஒட்டியதுபோலவே இருந்தது. நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

"விடியக்காலையில இங்க வர்றது யாரு?" என்றார் கோயில் தலைவர்.

எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. என் அம்மா, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் ஆயா. பெரட்டுக்கு முன்னால் பிள்ளைகளுக்குப் பால் கரைக்கத் தண்ணீர் கொண்டுபோய் வைப்பது என் வேலை. தினமும் முதல் ஆளாக ஊத்துக்கு வருகிறவள் நான்தான். அன்றும் இருட்டோடு முக்கிக்கொண்டு போனதில் நுரை என் கண்ணில் படவில்லை.

"கல்யாணப் பொண்ணுல்ல! மினுக்கணும்ல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று தெரியும். இப்போது அவள் உயிரோடு இல்லை, விட்டுவிடுகிறேன்.

வீட்டுக்கு ஓடிப்போய் அந்த ரோஸ் சவக்காரத்தைக் கொண்டுவந்து காட்டினேன். சுற்றின காகிதம் கசங்கக்கூட இல்லை. "இது இல்லாட்டி வேற கட்டி" என்றார்கள். "நுரையில வாசமே இல்லியே" என்றேன். "மழையில போயிருக்கும்" என்றார்கள். எதைச் சொன்னாலும் ஒரு பதில் தயாராக இருந்தது.

அந்த நுரையைத் தலைவர் ஒரு குச்சியால் வழித்துத் தூர எறிந்தார். ஒருத்தராவது அதைக் கிள்ளிப் பார்த்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அத்தை குடத்தைக் கவிழ்த்துக் கொட்டினார். "குடிக்கிற தண்ணிய அசிங்கம் பண்றவ என் வீட்டு அடுப்படிக்கு வேணாம். பரிசம் போட்டது போட்டதோட இருக்கட்டும்" என்றார்.

சத்தம் கேட்டுக் கீக்கணக்கிலிருந்து ஏறி வந்த வீரையாவும் கூட்டத்தில்தான் நின்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் பாராளுமன்றம்

குடியுரிமை இல்லாததால் எங்களுக்கு அப்போது ஓட்டுக் கிடையாது. ஆகவே கோயில் முன்னால் கூடுகிற பஞ்சாயத்துதான் எங்கள் பாராளுமன்றம். சத்தத்துக்கு மட்டும் ஒரு குறையும் இருக்காது.

அன்று சாயங்காலம் கூட்டினார்கள். தலைவர் ஒரே வரியில் தீர்த்துவிட்டார். "பொண்ணு செய்யலேன்னா சூடம் அணைச்சு சத்தியம் பண்ணட்டும். பிரச்சின முடிஞ்சுது."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "நான் செய்யல" என்று அம்மன் முன்னால் சொல்ல வேண்டும். பெரிய விஷயமில்லை என்று நினைப்பீர்கள். ஆனால் எங்கள் பக்கம் சூடம் அணைத்த பெண்ணை அதற்குப் பிறகு எல்லாரும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நெருப்பில்லாமல் புகையுமா என்கிற பார்வை. சாகும்வரை அது போகாது.

அம்மா என் முதுகில் குத்தினார். "அணைச்சிட்டு வாடி, சனியன் விடட்டும்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "செய்யாததுக்கு நான் ஏன் சத்தியம் பண்ணணும்? செஞ்சது யாருன்னு நான் புடிச்சுக் காட்டுறேன். கரகம் பாலிக்கிற அன்னைக்குள்ள புடிக்கலேன்னா நீங்க சொல்றபடி சூடம் அணைக்கிறேன்!"

அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"புடிக்கப் போறேன்னு சொல்லிட்டு இவளே எவ தலையிலயாவது கட்டி விடுவா. நானும் கூடப் போறேன்."

போச்சுடா!

அத்தை என்றால் யார்

வெள்ளையம்மா அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

ஒருதரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் தராசு சரியில்லை என்று அவருக்குப் பட்டது. கத்தவில்லை, ஏசவில்லை. தன் கூடையைத் தூக்கித் தராசுக்குக் கீழே வைத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான். பின்னால் வரிசையில் நின்ற ஒருத்தியும் நிறுக்க முடியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அவர் நனைந்தார், கணக்கப்பிள்ளை நனைந்தார், கொழுந்து நனைந்தது. கடைசியில் வேறு தராசு வந்தது.

அப்படிப்பட்ட மனுஷி. தான் சரி என்று நினைத்தால் மலையே வந்தாலும் நகர மாட்டார். எனக்கு அவர்மேல் பயம், கோபம், உள்ளுக்குள் கொஞ்சம் மரியாதை, எல்லாம் உண்டு. ஆனால் அவரோடு ஒரு கம்பளிக்குள் உட்கார வேண்டி வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஒரே கம்பளிக்குள்

மறுநாள் வேலை முடிந்ததும் ஊத்துக்குப் போனோம். மத்தியானம் நல்ல மழை பெய்து விட்டிருந்தது. காட்டுக்குள்ளிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. பாறைக்குப் பின்னால் பதுங்கினோம். கம்பளி கொண்டுவந்தது நான் மட்டும்தான். குளிர் தாங்காமல் அத்தையும் ஒரு ஓரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டார். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குனிந்து பார்த்தால் அவர் காலெல்லாம் ஒரே வெள்ளை.

"என்னங்கத்தை கால்ல?"

"அட்டை கடிக்காம இருக்க. சவக்காரம் தேய்ச்சுட்டு வந்தேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கே உறைத்துவிட்டது. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அத்தை எழுந்து, தள்ளிப்போய், ஈரப் புல்லில் காலைத் துடைதுடை என்று துடைத்துவிட்டு வந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னே, தொலைச்சுப்புடுவேன்."

"நான் ஏங்கத்தை சொல்றேன்?" என்றேன். இத்தனை வருஷம் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

வெளிச்சம் மங்க ஆரம்பித்தது. அப்போது, "டொக்... டொக்..." என்று மெல்லிய சத்தம். யாரோ நகத்தால் பலகையைத் தட்டுகிற மாதிரி. தண்ணீரிலிருந்து இல்லை, மேலே செடியிலிருந்து வந்தது.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். முந்தின நாள் நுரை இருந்த அதே கிளை. காய்ந்த இலை ஒன்று நகர்ந்தது. இலை இல்லை, தவளை! கூரான மூக்கு, சருகு நிறம், விரல் நுனியெல்லாம் சின்னச் சின்னப் பொட்டு ஒட்டினமாதிரி வட்டம். அந்த வட்டத்தால் இலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் முதுகில் இன்னொரு தவளை, அதைவிடச் சின்னது.

எங்களுக்குத் தெரிந்த தவளையெல்லாம் பீலிக்கடியில், வாய்க்காலில், சேற்றில் கிடக்கிற ஜாதி. மரமேறித் தவளையை நான் அதுவரை பார்த்ததே இல்லை.

"அத்தை, அங்க பாருங்க!"

"பேசாதடி!"

பெரிய தவளை பின்னங்காலை அசைத்தது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். காலுக்கு நடுவே ஏதோ பளபளவென்று கசிந்தது. கால் அடிக்க அடிக்க அது வெள்ளையாக மாறியது, பொங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நுரை! நுரையேதான்! மோர் கடைகிற மாதிரி இரண்டு காலாலும் அது நுரையைக் கடைந்துகொண்டிருந்தது.

அத்தை என் கையைப் பிடித்தார். பிடித்தாரா? நசுக்கினார்!

"அடியே காமாச்சி... அது கடையுதுடி! தவள கடையுதுடி! என் ஆயுசுல இப்படி ஒண்ணப் பாத்ததில்லடி!"

"மெதுவாங்கத்தை, மெதுவா!"

"எம்புட்டு பொங்குது பாரேன்! ஆத்தாடி, ஆத்தாடி!"

ஒரு கை அளவு நுரை இலையோடு சேர்ந்து உருண்டு திரண்டது. வேலை முடிந்ததும் தவளைகள் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஒரே நேரத்தில் அழுகையும் சிரிப்பும் வந்தது. குதிக்க வேண்டும்போல இருந்தது.

தவளைக்கும் காப்பு

அத்தை அங்கிருந்து நேரே தலைவர் வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம் லயத்து வாசலில் நின்றவர்களிடம், "தவளதான்! சவக்காரமில்ல, தவள!" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

தலைவர் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "தவள மரத்துல ஏறி நொர பண்ணுச்சா? ஏக்கா, மாமியாளும் மருமவளும் ஒண்ணாச் சேந்துட்டீங்களா?"

"ஏய், நான் பொய் சொல்றேங்கிறியா?"

மறுநாள் சாயங்காலம் தலைவரே ஆட்களோடு வந்தார். தவளையைக் காணோம். அதுக்கடுத்த நாளும் காணோம். மழையும் நின்றுவிட்டது. நுரை மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. "இத நீங்களே கொண்டாந்து அப்பியிருக்கலாம்ல?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். அத்தையின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! இதுவரை என் பிரச்சினையாக இருந்தது இப்போது அவருடைய மானப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது.

"சரி. அந்த நொரைய யாரும் தொட வேணாம். கரகத்தன்னைக்கு எல்லாரும் வாங்க. தவள வச்சதுன்னா உள்ள குஞ்சு இருக்கணும்ல? இல்லேன்னா இவ சூடம் அணைக்கட்டும், கூட நானும் அணைக்கிறேன்."

யாராவது வம்புக்காரர்கள் வந்து வழித்துப் போட்டுவிட்டால்? அதற்கும் அத்தை வழி செய்தார். மஞ்சள் தடவிய நூலை எடுத்துப்போய் அந்தக் கிளையில் கட்டிவிட்டார்.

"என்னங்கத்தை இது?"

"காப்பு. இனி எவன் கை வைக்கிறான்னு பாக்குறேன்."

ஒருத்தரும் கை வைக்கவில்லை. காப்புக் கட்டினதைத் தொட எவருக்குத் துணிச்சல் வரும்? தோட்டத்திலேயே காப்புக் கட்டிக்கொண்ட தவளை அது ஒன்றுதான்.

ஆனால் வெயிலுக்கு என்ன காப்புக் கட்டுவது? சித்திரை வெயில் பளீரென்று அடித்தது. நுரையின் மேல்பக்கம் காய்ந்து, பழுப்பேறி, அப்பளப் பொடிபோல ஆகிவிட்டது. நான் காலையில் தண்ணீர் முக்கப் போகும்போது கையால் கொஞ்சம் தெளித்துவிட்டு வருவேன். ஒருநாள் போனபோது அத்தை எனக்கு முன்னாலேயே வந்து தெளித்துக்கொண்டிருந்தார். கீக்கணக்கிலிருந்து அவ்வளவு ஏற்றம் ஏறி! நானும் பக்கத்தில் குனிந்து தெளித்தேன்.

இந்த நாளெல்லாம் வீரையா என்ன செய்தார்? ஒருதரம் பெரிய ரோட்டில் எதிரே வந்தார். நின்றார். வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அன்று நான் கொழுந்து மலையில் யாருக்கும் தெரியாமல் அழுதேன். ஊர் பேசினால் பேசட்டும், அவர் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பூசாரியின் கையில்

கரகத்தன்று இரண்டு கணக்கும் ஊத்தில் கூடிவிட்டது. தப்புப் பறை அடித்தார்கள். பூசாரி உடுக்கு அடித்துப் பாடத் தொடங்கினார். ஒரு தட்டில் சூடத்தை வைத்துத் தலைவர் தயாராக நின்றார். அந்தச் சூடம் எனக்கு.

நுரையைப் பார்த்தேன். நுரை எங்கே இருந்தது? காய்ந்த சாணி வறட்டி மாதிரி ஒன்று இலையில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை அப்போதே சுட ஆரம்பித்துவிட்டது. அம்மா எனக்குப் பின்னால் நின்று, "தாயே, தாயே" என்று முணுமுணுத்தார். அத்தை மட்டும் கண் இமைக்காமல் அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மேகம் கறுத்து, பிசுபிசுவென்று தூறல் பிடித்தது. பூசாரி உடுக்கைக் கீழே வைத்துவிட்டு, கரகச் செம்பை எடுத்துக் குனிந்து தண்ணீர் முக்கினார்.

'சொட்.'

செம்புக்குள் என்னமோ விழுந்தது.

பூசாரி உள்ளே பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி முக்கினார். மறுபடி 'சொட்', 'சொட்'. அந்தக் காய்ந்த வறட்டியின் அடிப்பக்கம் கரைந்து, கூழாக ஒழுக ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு சொட்டிலும் கறுப்பாக ஒரு வால் துடித்தது. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. தலைப்பிரட்டைகள்! பொலபொலவென்று தண்ணீரில் விழுந்து, விழுந்த வேகத்தில் நீந்திப் பாறைக்கடியில் ஓடின.

"பாத்தியா! பாத்தியா! பாத்தியாய்யா!" அத்தை தலைவரின் தோளைப் பிடித்து உலுக்கினார். சூடத் தட்டு எங்கே பறந்தது என்று தெரியவில்லை.

எவ்வளவு கெட்டிக்காரத் தவளை பாருங்கள்! தண்ணீருக்குள் முட்டை வைத்தால் ஏதாவது தின்றுவிடும். அதனால் தண்ணீருக்கு மேலே நுரைமெத்தை போட்டு அதற்குள் வைத்திருக்கிறது. மெத்தை கரைந்தால் பிள்ளைகள் நேரே தண்ணீருக்குள்.

இதோடு முடியவில்லை. பூசாரி தடுமாறி, விழாமல் இருக்கச் செடியின் தண்டைப் பிடித்தார். அங்கே ஒட்டிக்கொண்டிருந்த பெரிய தவளை தாவி அவர் முழங்கையில் உட்கார்ந்தது. எல்லாரும் கிட்டே நெருங்கிப் பார்த்தோம். அப்போதுதான் அதன் முதுகைச் சரியாகப் பார்த்தேன். கழுத்துப் பக்கம் அகலமாக, நடுவில் ஒடுங்கி, மறுபடி கீழே அகலமாக, கரும்பழுப்பில் ஒரு அடையாளம்.

பூசாரி வாய்விட்டுக் கத்தினார். "உடுக்கு! முதுகுல உடுக்கு!"

அவ்வளவுதான். பெண்கள் குலவை போட்டார்கள் பாருங்கள், காடே அதிர்ந்தது! தப்புக்காரர்கள் கேட்காமலே அடிக்கத் தொடங்கினார்கள். எனக்குத் தலை கால் புரியவில்லை. யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். தவளை மட்டும் நிதானமாகக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, ஒரு தாவு தாவிக் காட்டுக்குள் போய்விட்டது.

இன்றுவரை அதன் சரியான பெயர் எனக்குத் தெரியாது. ராகலையில் இருக்கிற என் தங்கச்சியிடம் கேட்டேன், லிந்துலைக்காரர்களிடம் கேட்டேன். அப்படி ஒரு தவளையைக் கண்டதே இல்லை என்கிறார்கள். உயரத்தில், குளிர்ந்த காட்டில் மட்டும்தான் அது இருக்கும்போல. நாங்கள் வைத்த பெயர் உடுக்குத் தவளை.

வாயைத் திறந்தவர்

குலவை அடங்கியதும் தலைவர் தொண்டையைக் கனைத்தார். "பொண்ணு மேல குத்தமில்ல. பேசின கல்யாணம் பேசினதுதான்."

"ஆவணியில வச்சிரலாம்" என்றார் அத்தை. மன்னிப்புக் கின்னிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் என் தலையில் விழுந்த தூறலைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அது எனக்குப் போதும்.

போதாதது வேறொன்று. "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்" என்றேன்.

தப்பு நின்றது. அம்மா என் இடுப்பில் கிள்ளினார், அப்பப்பா, சதையே வந்துவிடும்போலிருந்தது. நான் கிள்ளலைப் பொருட்படுத்தாமல் வீரையாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நான் சவக்காரம் போட்டேன்னு நீங்க நெனச்சீங்களா?"

"இல்ல" என்றார். காதில் விழாத குரல்.

"அப்ப ஏன் சொல்லல? உங்கம்மா என்னைய ஏசினாங்க, ஆனா எங்கூட வந்து பனியில உக்காந்தாங்க. நீங்க என்ன செஞ்சீங்க? இம்புட்டுப் பேரும் என்னையப் பேசுறப்ப, 'அவ செய்யல'ன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில முத்தா உதிர்ந்துரும்? நாளைக்கு வேற எதுக்காச்சும் என்னையப் பேசுவாங்க. அன்னைக்கும் தரையத்தான் பாப்பீங்களா?"

அவர் முகம் சிவந்துபோய் நின்றார். நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்துவிட்டேன். வந்த பிறகு பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதது வேறு விஷயம்.

திருவிழா முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள். எங்கள் மேக்கணக்குப் பெரட்டு. பனி. கண்டாக்கு ஐயா பேர் கூப்பிட வாயெடுத்தார். அப்போது கீழேயிருந்து ஒரு ஆள் மூச்சிரைக்க ஏறி வந்து களத்துக்கு நடுவில் நின்றார். கையில் கவ்வாத்துக் கத்தி, காலெல்லாம் சேறு. வீரையா.

"டேய், நீ கீக்கணக்கு ஆளுல்ல? அங்க பெரட்டுக்குப் பிந்தினா இன்னைக்கு உனக்குப் பேரு இல்ல, சம்பளமும் இல்ல, தெரியுமா?" என்றார் கண்டாக்கு ஐயா.

"தெரியுங்க ஐயா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தரையையும் பார்க்கவில்லை. எதிரே கூடையோடு நின்ற அத்தனை பேரையும் பார்த்தார்.

"காமாச்சி..." குரல் உடைந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி, மலையே கேட்கிற மாதிரி கத்தினார். "காமாச்சி சவக்காரம் போடல!"

ஒரு நிமிஷம் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு களமே சிரித்தது. "அட, அதான் தவளன்னு தெரிஞ்சு போச்சே!" "இவன் எந்த ஊருல இருக்கான்?" "காலங்காத்தால போட்டுட்டு வந்திருக்கான்யா!" கண்டாக்கு ஐயாவே தொப்பியை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

வீரையா அசையவில்லை. "எனக்கு மொதல்லயே தெரியும், அவ செய்ய மாட்டான்னு. அன்னைக்கே சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். அவ போடல."

எல்லாருக்கும் தெரிந்துபோன விஷயம்தான். ஒன்றுக்கும் உதவாத சாட்சி. ஆனால் அதை அவர் வாயால், அவ்வளவு பேருக்கு முன்னால் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துபோய் மூச்சே முட்டியது. சிரித்தவர்களில் ஒருத்தர்மேலும் எனக்குக் கோபம் வரவில்லை.

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு நடந்தேன். அவரைக் கடந்து போகும்போது நிற்கவில்லை, நடந்தபடியே சொன்னேன்.

"ஆவணியிலயே வச்சுக்கலாம்னு அத்தைகிட்ட சொல்லுங்க."